காத்தலினா பாட்டி: 18 வயதில் கப்பல் ஏறியவர்



நம் வளாகத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீடியோ காலில் பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறோம். கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆன காலத்தில், ஊருக்குத் திரும்புவோமா என்றே தெரியாமல் கப்பல் ஏறிய ஒரு பெண்ணைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன்.

அவர் பெயர் காத்தலினா திரிக்கோ. இன்றைய பிரான்சின் வடக்கு எல்லையில் உள்ள பிரீஷ் என்ற சிற்றூரில் 1605 வாக்கில் பிறந்தவர். பிரெஞ்சு பேசும் வலூன் இனத்தவர். மதச் சண்டைகளால் அந்தப் பகுதியிலிருந்து ஏராளமானோர் ஹாலந்துக்குக் குடிபெயர்ந்த காலம் அது. ஆம்ஸ்டர்டாமில் 1624 ஜனவரி 21 அன்று யோரிஸ் ரப்பால்யே என்ற நெசவுத் தொழிலாளியை மணந்தார். பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 19. இருவருக்கும் எழுதத் தெரியாது. திருமணப் பதிவேட்டில் ஆளுக்கொரு குறி போட்டிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த வங்கிக் கவுண்டருக்கு வந்திருந்தால், சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்கித்தான் கணக்கு திறந்திருப்பேன்!

டச்சு மேற்கிந்தியக் கம்பெனிக்கு அப்போது அமெரிக்காவில் குடியேற ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆறு வருடம் அங்கே இருந்து உழைத்தால் நிலம் தருவதாகச் சொன்னது. சொத்து பத்து இல்லாத இந்தத் தம்பதி, கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கப்பல் ஏறிவிட்டார்கள்.

போய் இறங்கிய பிறகு அவர்களை ஹட்சன் ஆற்றின் மேல்பகுதிக்கு அனுப்பினார்கள். இன்று ஆல்பனி நகரம் இருக்கும் இடம் அது. அன்று சுற்றிலும் காடு, நடுவில் ஆரஞ்சுக் கோட்டை என்ற சின்னஞ்சிறு கோட்டை. 1625 ஜூன் மாதம் அங்கேதான் மூத்த மகள் சாரா பிறந்தாள். அந்த டச்சுக் குடியேற்றத்தில் ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்த முதல் பெண் குழந்தை அவள்தான்.

1626-ல் கோட்டைத் தளபதி, இரண்டு பூர்வகுடி இனங்களுக்கு இடையே நடந்த சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு போய் உயிரை விட்டார். ஆபத்து என்று கருதி, அங்கிருந்த குடும்பங்களை மன்ஹாட்டன் தீவுக்கு மாற்றினார்கள். கைக்குழந்தையோடு காத்தலினா மறுபடியும் மூட்டை கட்டினார். கடலோரத்தில், இப்போது பேர்ல் தெரு என்று சொல்லும் இடத்தில் வீடு அமைத்தார்கள்.

1637-ல் அக்கரையில், லாங் ஐலண்டின் வாலபவுட் விரிகுடா ஓரம், பூர்வகுடிகளிடமிருந்து சுமார் 335 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். இன்றைய புரூக்ளின் அது. கையெழுத்துப் போடத் தெரியாத யோரிஸ், 1641-ல் ஊர் மக்கள் சார்பில் ஆளுநருக்கு ஆலோசனை சொல்லும் பன்னிருவரில் ஒருவரானார். 1643-ல் அந்த ஆளுநர் பூர்வகுடிகள்மேல் படையை ஏவினார். இரு பக்கமும் பல உயிர்கள் போயின. பண்ணைகள் எரிந்தன. குழந்தை குட்டிகளோடு அந்த நாட்களைத் தாண்டி வந்த தாய்மார்களில் காத்தலினாவும் ஒருவர்.

1625-லிருந்து 1650 வரை அவருக்கு மொத்தம் 11 பிள்ளைகள். 1660-களின் தொடக்கத்தில் யோரிஸ் காலமானார். 1664-ல் ஆங்கிலேயர் அந்த ஊரைப் பிடித்து நியூயார்க் என்று பெயர் மாற்றினார்கள். கொடி மாறியது, பாட்டி இடம் மாறவில்லை.

1680-ல் ஒரு டச்சு மதப் பிரசாரகர் அவர் வீட்டுக்கு வந்தார். தன் நாட்குறிப்பில் இந்தப் பாட்டிக்கு லௌகீகப் பற்று அதிகம் என்று குறைபட்டுக்கொண்டார். பிள்ளை, பேரன், பேத்தி என்று 145 பேர் இருந்ததையும், அவர்கள்மேல் பாட்டி உயிரையே வைத்திருந்ததையும் அவர்தான் எழுதி வைத்தார். அவ்வளவு பேர் இருந்தும், 74 வயதில் பாட்டி தனி வீட்டில், சொந்தத் தோட்டத்தோடு, தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு இருந்தாராம். குறை சொல்ல வந்தவர் நமக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

1688-ல், 83 வயதில், ஒரு நீதிபதி பாட்டியின் வீட்டுக்கே போய் வாக்குமூலம் எழுதிக்கொண்டார். ஆரம்ப நாட்களை நேரில் கண்டவர்கள் அதிகம் மிஞ்சவில்லை. யார் யார் வந்தார்கள், எந்த ஆற்றங்கரைக்கு எத்தனை குடும்பம் போனது என்றெல்லாம் பாட்டி சொன்னார். ஆல்பனியில் இருந்த மூன்று வருடமும் பூர்வகுடிகள் சாதுவாக வந்து வியாபாரம் செய்து போனதையும் மறக்காமல் சொன்னார். வந்த ஆண்டை மட்டும் 1623 என்று ஒன்று குறைத்துச் சொல்லிவிட்டார். 64 வருடத்துக்கு முந்தைய கணக்கில் ஒரு வருட வித்தியாசம்! எந்த ஆடிட்டரும் மன்னித்துவிடுவார். அடுத்த ஆண்டே, 1689-ல், காலமானார்.

இன்று அவருடைய வம்சம் பத்து லட்சம் பேரைத் தாண்டும் என்று வம்சாவளி ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

எழுதத் தெரியாத ஒரு பெண்ணின் கதை நம் கைக்கு வந்ததற்குக் காரணம், யாரோ சிலர் கேட்டு எழுதிக்கொண்டதுதான். என் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்றவர். எந்த ஊரில் பிறந்தார், எப்படிப் பிழைத்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் பிறந்த தேதியை லெட்ஜரில் எழுதிய எனக்கு, சொந்தப் பாட்டியின் பிறந்த வருடம் தெரியாது.

உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருங்கள். வருடம் ஒன்றிரண்டு தப்பினாலும் பரவாயில்லை.