ஜான் ரிச்சர்ட்சன் (இயற்கையியலாளர்)

சர் ஜான் ரிச்சர்ட்சன் (நவம்பர் 5, 1787 – ஜூன் 5, 1865) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடற்படை அறுவை மருத்துவரும், இயற்கையியலாளரும், ஆர்க்டிக் நாடுகாண் பயணியும் ஆவார். ஜான் பிராங்க்ளின் தலைமையில் வட அமெரிக்காவின் ஆர்க்டிக் கரையை ஆராய்ந்த இரு பயணங்களில் (1819–1822, 1825–1827) இவர் பங்கேற்றார். அப்பகுதியின் மீன்களை முறையாக விவரித்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர். இவர் புதிய இனங்கள் எனக் கருதிப் பெயரிட்ட மீன்களுள் பல, முன்னரே பெயர் பெற்றவை என்பது பின்னர் தெரியவந்தது. எனினும் மீன்களின் அளவுகளையும், உறுப்புகளின் எண்ணிக்கையையும், பிடிபட்ட இடத்தையும் இவர் விரிவாகப் பதிவு செய்திருந்ததால், பிற்கால ஆய்வாளர்கள் அவற்றைச் சரிபார்க்க முடிந்தது.

இளமையும் கல்வியும்

ரிச்சர்ட்சன் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரில் பிறந்தார். தந்தை கேப்ரியல் ரிச்சர்ட்சன் மதுவடிப்புத் தொழில் செய்தவர்; அந்நகரின் தலைவராகவும் இருந்தவர். புகழ்பெற்ற கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இக்குடும்பத்தின் நண்பர். ரிச்சர்ட்சன் 13 வயதில் அறுவை மருத்துவரான தம் மாமாவிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பின்னர் எடின்பரோவில் மருத்துவம் கற்று, 1807-ஆம் ஆண்டில் உதவி அறுவை மருத்துவராக அரச கடற்படையில் இணைந்தார். நெப்போலியப் போர்கள் முடிந்தபின் எடின்பரோ திரும்பி, 1816-இல் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இக்காலத்தில் தாவரவியலிலும் கனிமவியலிலும் இவருக்கு ஈடுபாடு ஏற்பட்டது.

காப்பர்மைன் பயணம் (1819–1822)

பிராங்க்ளினின் முதல் தரைவழிப் பயணத்தில் ரிச்சர்ட்சன் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் நியமிக்கப்பட்டார். ஹட்சன் விரிகுடாவிலிருந்து உள்நாட்டின் வழியாகச் சென்று, காப்பர்மைன் ஆற்றின் முகத்துவாரத்திற்குக் கிழக்கே உள்ள கடற்கரையை வரைபடமாக்குவதே பயணத்தின் நோக்கம். ஜார்ஜ் பேக், ராபர்ட் ஹூட், மாலுமி ஜான் ஹெப்பர்ன் ஆகியோரும் இதில் இடம்பெற்றனர்.

1821 ஜூலையில் கடலை அடைந்த குழுவினர், இரு சிறு படகுகளில் கிழக்கு நோக்கிச் சென்றனர். ஆகஸ்டில் உணவு குறைந்ததால், டர்னகெய்ன் முனை எனப் பெயரிட்ட இடத்திலிருந்து திரும்பினர். மரங்களற்ற தரிசு நிலத்தின் வழியே நடந்த இத்திரும்பு பயணம் பேரழிவாக முடிந்தது. பாறைகளில் வளரும் ஒருவகைக் கற்பாசியையும் பழைய தோல் காலணிகளையும் தின்று உயிர் பிழைக்க வேண்டியதாயிற்று. கடற்கரையில் சேகரித்த தாவர, கனிம மாதிரிகளைச் சுமக்க வலுவின்றி ரிச்சர்ட்சன் அவற்றை வழியிலேயே விட்டுவிட்டார். காப்பர்மைன் ஆற்றைக் கடக்க வழியில்லாதபோது, கயிற்றைக் கட்டிக்கொண்டு உறைகுளிர் நீரில் நீந்த முயன்ற இவர், கைகால்கள் விறைத்து மூழ்கும் நிலையில் கரைக்கு இழுக்கப்பட்டார்.

நடக்க இயலாத ஹூடுக்குத் துணையாக ரிச்சர்ட்சனும் ஹெப்பர்னும் பின்தங்கினர். முன்னே சென்றவர்களுள் ஒருவரான மிஷேல் என்னும் இரோக்குவாப் படகோட்டி அவர்களிடம் திரும்பி வந்தார். அவர் கொண்டுவந்து கொடுத்த இறைச்சி, காணாமற்போன தோழர்களின் உடலாக இருக்கலாம் என்ற ஐயம் பின்னர் எழுந்தது. அக்டோபர் 20 அன்று ஹூட் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். மிஷேலே கொன்றார் என முடிவு செய்த ரிச்சர்ட்சன், சில நாட்களுக்குப்பின் அவரைச் சுட்டுக் கொன்றார். இது குறித்து விசாரணை எதுவும் நடைபெறவில்லை. ரிச்சர்ட்சனும் ஹெப்பர்னும் சொன்னவற்றைத் தவிர வேறு சான்று இல்லாமையால், இந்நிகழ்வு இன்றும் வரலாற்றாசிரியர்களால் விவாதிக்கப்படுகிறது.

திரும்பு பயணத்தைத் தொடங்கிய 20 பேரில் 11 பேர் இறந்தனர். எஞ்சியோரை நவம்பர் மாதத்தில் அகாய்ச்சோ என்னும் தலைவரின் கீழிருந்த யெல்லோநைஃப் பழங்குடியினர் உணவளித்துக் காப்பாற்றினர்.

இரண்டாம் பயணம் (1825–1827)

இப்பயணம் முன்னதைவிடச் சிறப்பாகத் திட்டமிடப்பட்டது. குழுவினர் கிரேட் பேர் ஏரிக்கரையில் குளிர்காலத்தைக் கழித்தனர். ஏரியில் வலையிட்டுப் பிடித்த மீன்களே அங்கு முக்கிய உணவாயிருந்தன. 1826 கோடையில் பிராங்க்ளின் மெக்கன்சி ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து மேற்கே செல்ல, ரிச்சர்ட்சனும் கெண்டல் என்ற அதிகாரியும் கிழக்கே சென்று காப்பர்மைன் முகத்துவாரம் வரையிலான கரையை அளந்தனர். அவர்கள் சென்ற டால்பின், யூனியன் என்னும் இரு படகுகளின் பெயரே அங்குள்ள நீரிணைக்கு வழங்கப்படுகிறது.

மீன்கள் பற்றிய ஆய்வு

முதல் பயணத்தில் கண்ட மீன்களை ரிச்சர்ட்சன் 1823-இல் வெளியான பிராங்க்ளினின் பயண நூலின் பிற்சேர்க்கையில் விவரித்தார். வட அமெரிக்காவின் வடபகுதி விலங்குகளைப் பற்றிய இவரது பெருநூல் 'ஃபானா போரியாலி-அமெரிக்கானா' 1829 முதல் 1837 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. 1836-இல் வெளியான மூன்றாம் பகுதி முழுவதும் மீன்களுக்குரியது.

அக்காலத்தில் மீன்களை மதுசாரத்தில் இட்டோ, தோலை உரித்து உலர்த்தியோ பாதுகாத்தனர். இரண்டு முறைகளிலும் நிறம் மங்கிவிடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை, உடலின் அளவுகள், இரைப்பையை அடுத்துள்ள விரல் போன்ற குடற்பைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் ரிச்சர்ட்சன் பதிவு செய்தார். மற்றொருவர் அதே மீனையோ அதே இடத்தில் பிடிபட்ட வேறொன்றையோ எடுத்து எண்ணிப் பார்க்க இப்பதிவுகள் வழிசெய்தன.

பெயர்களும் திருத்தங்களும்

1821-ஆம் ஆண்டின் கடற்கரைப் பயணத்தில், காப்பர்மைனுக்குக் கிழக்கே ட்ரீ ஆற்று முகத்துவாரத்தில் கிடைத்த ஒரு மீனுக்கு ரிச்சர்ட்சன் 'கோட்டஸ் ஹெக்சாகார்னிஸ்' எனப் பெயரிட்டார். ஆறு கொம்புடையது என்பது இதன் பொருள். பின்னர் இது, லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட நாற்கொம்பு மீனே எனக் கொள்ளப்பட்டது. இத்திருத்தம் பெயர் மாற்றத்தோடு நிற்கவில்லை. பால்டிக் கடலில் ஓரினம், அமெரிக்க ஆர்க்டிக்கில் வேறோரினம் என்றிருந்த நிலை மாறி, பால்டிக்கிலும் ஆர்க்டிக் கரைகளிலும் வாழும் ஒரே இனம் என்ற விரிந்த பரவல் படம் உருவானது.

ஜான் ராஸின் 1829–1833 பயணத்தில் பூத்தியா தீபகற்பத்தில் கிடைத்த மீன்களுக்கு ரிச்சர்ட்சன் சால்மோ ரோசி, சால்மோ அலிப்பெஸ், சால்மோ நிட்டிடஸ் எனப் பெயரிட்டார். இவை மூன்றும் தற்போது ஆர்க்டிக் சார் என்னும் ஒரே இனத்துள் அடக்கப்படுகின்றன. இம்மீன் வயது, பால், இனப்பெருக்கக் காலம், வாழிடம் ஆகியவற்றிற்கேற்ப நிறத்திலும் உருவிலும் பெரிதும் வேறுபடும். சில மாதிரிகளை மட்டுமே கண்டவர் அவற்றைத் தனி இனங்கள் எனக் கருதியது இயல்பே.

பூனை தின்ற மீன்

ஜேம்ஸ் கிளார்க் ராஸின் அண்டார்க்டிக் பயணத்தில் (1839–1843) சேகரிக்கப்பட்ட மீன்களையும் ரிச்சர்ட்சனே ஆராய்ந்தார். 1842-இல் 'டெரர்' கப்பலின் முகப்பில் உறைந்த பனிக்கட்டியில் ஒரு மீன் சிக்கியிருந்தது. கப்பலின் மருத்துவர் அதை வரைந்தபின் கப்பல் பூனை அதைத் தின்றுவிட்டது. எஞ்சிய ஓவியத்தைக் கொண்டு ரிச்சர்ட்சன் 'பேஜெட்டோட்ஸ்' என்னும் பேரினப் பெயரை வெளியிட்டார். ஆனால் மாதிரி இல்லாமையால் அது எந்த மீன் என்பதை உறுதிசெய்ய எவராலும் இயலவில்லை.

ஹாஸ்லர் மருத்துவமனை

1838-இல் ரிச்சர்ட்சன் போர்ட்ஸ்மவுத் அருகிலுள்ள ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். கடற்படை மருத்துவர்கள் உலகெங்கிலுமிருந்து அனுப்பிய உயிரின மாதிரிகள் அங்கிருந்த அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன; அவை பின்னர் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு மாற்றப்பட்டன. ஜோசப் ஹூக்கர், தாமஸ் ஹக்ஸ்லி ஆகியோர் தம் கடற்பயணங்களுக்குமுன் ஹாஸ்லரில் பணியாற்றினர். ஹக்ஸ்லிக்கு 'ராட்டில்ஸ்நேக்' கப்பலில் இடம் கிடைக்க ரிச்சர்ட்சனே காரணமாயிருந்தார். 1846-இல் இவருக்கு 'சர்' பட்டம் வழங்கப்பட்டது.

பிராங்க்ளினைத் தேடி

1845-இல் இரு கப்பல்களுடன் ஆர்க்டிக் சென்ற பிராங்க்ளின் திரும்பவில்லை. அறுபது வயதில் ரிச்சர்ட்சன் தம் பழைய நண்பரைத் தேடி மீண்டும் வடக்கே சென்றார். 1848-இல் மருத்துவர் ஜான் ரேயுடன் மெக்கன்சி முகத்துவாரத்திலிருந்து காப்பர்மைன் வரை தேடியும் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. 1855-இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்தின் கிராஸ்மியரில் வாழ்ந்த இவர், 1865-இல் அங்கேயே காலமானார்.

முக்கியத்துவம்

ஆர்க்டிக் கடல் வெப்பமடைந்து வருவதால், தெற்கே வாழும் மீன்கள் வடக்கு நோக்கி நகர்கின்றனவா என்பது இன்று முக்கிய ஆய்வுப் பொருளாகும். இதை அறிய, முன்பு எந்த மீன் எங்கு வாழ்ந்தது என்ற நம்பகமான படம் தேவை. போரியோகேடஸ் சைடா, ஆர்க்டோகேடஸ் கிளேசியாலிஸ் போன்ற நெருங்கிய உறவுடைய இனங்களின் இளம் மீன்கள் எளிதில் மாற்றி அடையாளம் காணப்படுகின்றன. பழைய அடையாளம் தவறாயிருந்தால், அவ்விடத்தில் எப்போதும் வாழ்ந்துவரும் மீன் புதிதாக வந்ததாகவும், அங்கு ஒருபோதும் வாழாத மீன் மறைந்துபோனதாகவும் தோன்றும். எனவே ஆய்வாளர்கள் அருங்காட்சியகப் புட்டிகளைத் திறந்து, துடுப்புக் கதிர்களை மீண்டும் எண்ணி, மாதிரியின் பெயரையும் பிடிபட்ட இடத்தையும் சரிபார்க்கின்றனர். புதிய மாதிரிகளில் மரபணு ஒப்பீடும் செய்யப்படுகிறது. ரிச்சர்ட்சன் விட்டுச்சென்ற விவரிப்புகளும் மாதிரிகளும் இப்பணிக்கான தொடக்கச் சான்றுகளில் அடங்கும்.

ரிச்சர்ட்சன் தரையணில், வடமேற்குக் கனடாவிலுள்ள ரிச்சர்ட்சன் மலைத்தொடர் ஆகியவை இவர் பெயரைத் தாங்கியுள்ளன.