சாவி ஊரின் மயில்

போர்ச்சுகல் நாட்டின் வடகோடியில், ஸ்பெயின் எல்லைக்கு அருகே, ஷாவெஸ் என்று ஓர் ஊர். அந்நாட்டு மொழியில் ஷாவெஸ் என்றால் சாவிகள். (நாம் சொல்லும் சாவியும் போர்ச்சுகீசியர் தந்த சொல்தான்!) ரோமானியர் கட்டிய கல் பாலமும், வெந்நீர் ஊற்றும் அங்கே உண்டு.

1947-ல் அங்கே பிறந்தவர் பெர்னாண்டோ நெவெஸ். கால்பந்து வீரர். பந்துடன் ஓடும்போது இரு கைகளையும் விரித்துக்கொள்வாராம். அதனால் பவாவ் என்று பெயர் வந்தது. பவாவ் என்றால் மயில்!

ஊர்க் கழகத்தில் ஆடிப் பழகியவர், 1965-ல் போர்ட்டோ கழகத்தில் சேர்ந்தார். பெரிய கழகம்தான். ஆனால் 1959-ல் லீக் பட்டம் வென்ற பிறகு, 1978 வரை அது மறுபடி வெல்லவே இல்லை. லிஸ்பன் கழகங்களே மாறி மாறி வென்றன. அந்த வறட்சிக் காலத்தில்தான் மயில் அங்கே ஆடியது. எட்டு ஆண்டுகள்! வேறு கழகத்துக்குப் போகவில்லை. கிடைத்தது ஒரே ஒரு கோப்பை: 1968-ல் செதூபல் அணியை 2-1 என்று வென்று வாங்கிய போர்ச்சுகல் கோப்பை.

1973 டிசம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. போர்ட்டோ மைதானம். எதிரே அதே செதூபல் அணி. லீக்கின் 13-வது சுற்று. ஆட்டத்தின் 13-வது நிமிடம். பந்தைத் தோழருக்குத் தட்டிவிட்ட பவாவ், அப்படியே சரிந்தார். யாரும் அவரை இடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆட்டம் தொடர்ந்து நடந்தது. போர்ட்டோ 2-0 என்று ஜெயித்தது.

மயில் கண் திறக்கவில்லை. வயது 26.