கறிவேப்பிலையில் வாழும் டாக்டர்

பொன்வண்டைத் தெரியாத கிராமத்துப் பிள்ளை உண்டா? தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்ப்பார்கள். முட்டை இட்டுவிட்டதா என்று பத்துத் தடவை திறந்து பார்ப்பார்கள். பளபளவென்று மின்னும் அதன் அழகே அழகு!

பிள்ளைகளுக்கு அது பொன்வண்டு. அதுவே போதும். ஆனால் விஞ்ஞானிகளுக்கு லத்தீன் மொழியில் ஒரு பெயர் வேண்டும். பொன்வண்டில் ஒரு வகைக்கு அந்தப் பெயர் கிடைத்த ஆண்டு 1775. பெயர் வைத்தவர் டென்மார்க் நாட்டு அறிஞர் பாப்ரீசியஸ். அவர் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை!

வராத நாட்டின் வண்டுகளை அவர் எப்படிப் பார்த்தார்? இங்கிருந்து பூச்சிகளைப் பிடித்துக் கப்பலில் அனுப்பியவர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமான ஒருவர் தரங்கம்பாடி டாக்டர் கோனிக்.

ஒரே குருவின் சீடர்கள்

யோகான் கெர்ஹார்டு கோனிக் 1728ஆம் ஆண்டில் பிறந்தார். ஊர், பால்டிக் கடல் பக்கத்து லிவோனியா. முதலில் மருந்து தயாரிக்கும் தொழிலைக் கற்றார். அந்தக் காலத்து மருந்துகளில் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்தே வந்தன. ஆகவே செடிகளை இனம் காணத் தெரிந்தால்தான் மருந்து தயாரிக்க முடியும்.

அப்போது சுவீடன் நாட்டில் லின்னேயஸ் என்ற பேராசிரியர் புகழ்பெற்று விளங்கினார். உலகில் உள்ள ஒவ்வொரு செடிக்கும், ஒவ்வொரு உயிருக்கும் இரண்டே சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர் அவர்தான். முதல் சொல் குடும்பப் பெயர் மாதிரி. இரண்டாவது சொல் சொந்தப் பெயர் மாதிரி. கோனிக் அவரிடம் போய்ப் பாடம் கேட்டார். சில ஆண்டுகள் கழித்து பாப்ரீசியஸும் அதே குருவிடம் படித்தார்.

படிப்பு முடிந்த பின் கோனிக் டென்மார்க்குக்கு வந்தார். பனி மூடிய ஐஸ்லாந்துத் தீவுக்குச் சென்று அங்குள்ள செடிகளை ஆராய்ந்தார். அதற்குப் பிறகு அவர் வந்து சேர்ந்த இடம், வெயில் கொளுத்தும் நம் சோழநாட்டுக் கடற்கரை!

தரங்கம்பாடியில்

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620ஆம் ஆண்டு முதல் கோட்டை கட்டி வாணிகம் செய்து வந்தார்கள். சீகன்பால்கு தமிழ் அச்சுக்கூடம் நடத்திய ஊரும் அதுதான். அங்கிருந்த கிறிஸ்தவ மிஷனுக்கு வைத்தியராக 1768ஆம் ஆண்டில் கோனிக் வந்து சேர்ந்தார்.

நோயாளிகளைப் பார்ப்பது அவருடைய வேலை. செடியும் பூச்சியும் தேடுவது அவருடைய ஆசை. மிஷன் கொடுத்த சம்பளம் அந்த ஆசைக்குப் போதவில்லை. 1774ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைச் சென்னையில் ஆராய்ச்சிக்காரராக அமர்த்தியது. சயாம், மலாக்கா, இலங்கை என்று பல நாடுகளுக்கும் போய் வந்தார்.

அவர் தனியாகவே உழைத்தார் என்று நினைக்க வேண்டாம். செடி ஆராய்ச்சியில் ஈடுபட்ட நண்பர்களை ஒன்று சேர்த்துச் சகோதரர்கள் போல வேலை செய்தார். தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்த ராட்லர் பாதிரியாரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

கரையான் புற்றுக்குள்

கரையான் என்றால் நமக்குக் கோபம்தான் வரும். கோனிக்குக்கோ ஆவல் பிறந்தது. தஞ்சைச் சீமையில் புற்றுகளை அவர் ஆராய்ந்தார். ராணி எது, வேலைக்காரக் கரையான் எது, காவல் காக்கும் கரையான் எது என்று பிரித்துப் பார்த்தார். புற்றின் உள்ளே ஒருவகைக் காளான் வளர்வதையும் கவனித்தார். விஞ்ஞான உலகத்துக்கு அதை முதன்முதலில் எடுத்துச் சொன்னவர் அவர்தான். அந்தக் கட்டுரை 1779இல் பெர்லினில் வெளியாயிற்று. கரையான் ஆராய்ச்சிக்குத் தந்தை என்று கோனிக்கைச் சொல்வது இதனால்தான்.

பெயர் வைப்பது எப்படி?

ஒரு வண்டைக் கண்டுபிடித்தவர் உடனே அதற்குப் பெயர் வைத்துவிட முடியாதா? முடியாது. முதலில் அது புதிய வகைதானா என்று தெரிய வேண்டும். ஏற்கெனவே பெயர் பெற்ற வண்டுகளோடு ஒப்பிட வேண்டும். கொம்பு, வாய், கால், இறகு மூடி எல்லாவற்றையும் பார்த்து, அடையாளங்களை எழுத வேண்டும். அதை அச்சிட்டு வெளியிட வேண்டும். இன்று கொல்லிமலைக் காட்டில் ஒரு புதிய வண்டு கிடைத்தாலும் இதே முறைதான். எந்த வண்டைப் பார்த்து எழுதினார்களோ அந்த வண்டையே காட்சிசாலையில் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதும் இன்றைய சட்டம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேண்டிய நூல்களும் சேகரிப்புகளும் அன்று ஐரோப்பாவில்தான் இருந்தன. ஆகவே கோனிக் தாம் பிடித்த பூச்சிகளை அங்கே அனுப்பினார். கப்பல் போய்ச் சேரப் பல மாதம் ஆகும். வழியில் பூஞ்சை பிடிக்கலாம். எறும்பு தின்னலாம். தப்பிப் பிழைத்தவைதான் பாப்ரீசியஸின் மேசைக்குப் போயின. பாப்ரீசியஸ் தம் வாழ்நாளில் ஏறக்குறைய பத்தாயிரம் பூச்சி வகைகளை விவரித்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூச்சியின் பெயருக்குப் பக்கத்தில், விவரித்து எழுதியவர் பெயரைத்தான் போடுவது வழக்கம். வெயிலில் அலைந்து பிடித்தவர் பெயர் அங்கே வராது. அந்த வண்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த ஊர் மக்கள் பெயரும் வராது. கோனிக் இந்த முறையை அறிந்தவர். அறிந்தும் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

கடைசிப் பயணம்

கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்ட கோனிக்கை 1785ஆம் ஆண்டில் வயிற்றுக்கடுப்பு நோய் பிடித்தது. காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் படுத்துவிட்டார். பிற்காலத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவரான டாக்டர் ராக்ஸ்பரோதான் பக்கத்தில் இருந்து வைத்தியம் பார்த்தார். பலன் இல்லை. கோனிக் அங்கேயே காலமானார். வயது 56. தம் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் லண்டனில் இருந்த விஞ்ஞானி ஜோசப் பாங்க்ஸுக்கு எழுதி வைத்திருந்தார். வாழ்நாள் முழுவதும் சேர்த்த செல்வம் அதுதான்.

நிலைத்த பெயர்

கோனிக்கின் பெயர் அடியோடு மறைந்துவிட்டதா? இல்லை. லின்னேயஸ் தம் மாணவரை மறக்கவில்லை. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் மணக்கும் ஒரு செடிக்கு 1771ஆம் ஆண்டில் அவர் பெயரை வைத்தார். அந்தச் செடி கறிவேப்பிலை! அதன் லத்தீன் பெயரின் இரண்டாவது சொல் கோனிகி. முதல் சொல்லை அறிஞர்கள் பின்னால் மாற்றினார்கள். கோனிகியை யாரும் மாற்றவில்லை.

காரியம் முடிந்ததும் ஒருவரை ஒதுக்கிவிட்டால், கறிவேப்பிலை போல எறிந்துவிட்டார்கள் என்று சொல்வது நம் ஊர் வழக்கம். பிறர் புகழுக்காக உழைத்த டாக்டருக்கு அந்த இலையிலேயே பெயர் அமைந்திருக்கிறது. இலையை ஒதுக்கலாம். குழம்பில் இறங்கிய மணத்தை ஒதுக்க முடியுமா?