பத்தில் ஒன்று சொன்ன சைமன் ஸ்டெவின்

0.35, 0.4 இரண்டில் எது பெரியது? அஞ்சாம் வகுப்பு படிக்கும் என் தம்பி 0.35 என்றான். 4-ஐ விட 35 பெரிசுதானே என்று வாதாடினான். அந்த வயதில் நானும் அப்படித்தான் எழுதி மார்க்கை விட்டேன். அவனுக்குப் புரிய வைக்க உதவியவர் சைமன் ஸ்டெவின்.

இவர் 1548-ம் ஆண்டு, இப்போது பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் பிறந்தார். முதலில் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். 1583-ல்தான் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அங்கே வியாபாரிகளும் நிலம் அளப்பவர்களும் பின்னத்தில்தான் கணக்குப் போட்டார்கள். 7/20 பெரியதா, 2/5 பெரியதா என்று பார்க்கவே நேரம் போய்விடும். தசமம் அரபு மொழி அறிஞர்களுக்கு முன்பே தெரியும். ஐரோப்பாவில் அதைப் பரப்பியவர் ஸ்டெவின். எல்லோரும் படிக்கணும் என்று 1585-ல் டச்சு மொழியில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதன் பெயருக்கு அர்த்தம், பத்தில் ஒன்று.

அவர் புள்ளி வைக்கவில்லை. பத்தில் ஒன்று என்றால் வட்டத்துக்குள் 1, நூறில் ஒன்று என்றால் வட்டத்துக்குள் 2 போட்டார். தம்பி நோட்டில் நானும் அப்படியே போட்டேன். 0.4-ல் முதல் வட்டத்துக்கு 4. 0.35-ல் முதல் வட்டத்துக்கு 3தான். உடனே அவனே 0.4தான் பெரிசு என்று சொல்லிட்டான்!

நாணயமும் அளவும் பத்துப் பத்தாக இருக்கணும் என்று ஸ்டெவின் ஆசைப்பட்டார். அதைப் பார்க்காமலே 1620-ல் இறந்தார். நம் நாட்டில் 1957-ல்தான் ஒரு ரூபாய்க்கு 100 பைசா ஆனது.

தம்பி தங்கச்சிகளே, புள்ளிக்கு முன்னால் சமமா இருந்தால், புள்ளிக்கு அடுத்த எண்ணை முதலில் பாருங்க. எத்தனை எண் இருக்குன்னு பார்த்து ஏமாறாதீங்க!