புத்தளத்துக்கு வந்த யாத்திரிகர் இப்னு பதூதா

உலகப் புகழ்பெற்ற யாத்திரிகருள் நமது புத்தளத்துக் கரையில் வந்திறங்கி, அதனைத் தம் நூலிலும் பொறித்து வைத்தவர் இப்னு பதூதா. அவர் பத்தாலா எனக் குறிக்கும் பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் துணிபு. அது சிறியதும் அழகியதுமான பட்டினம். மரத்தாலான மதிலும் கொத்தளங்களும் உடையது. வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் அதன் கரையெங்கும் குவிந்து கிடந்தன. இவ்வாறு அவர் வருணித்துள்ளார். அவருடைய வரலாறு நம் ஊர்ப் பெருமைக்காக மட்டுமன்றி, நம்மிற் பலரிடமுள்ள ஒரு பழக்கத்தைச் சிந்திப்பதற்காகவும் அறியத்தக்கது. பார்க்க விரும்பியதைப் பிறகு பார்க்கலாமென்று தள்ளிப்போடும் பழக்கமே அது.

இப்னு பதூதா மொறோக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில், நீதிநூற் புலமை மிக்க ஒரு குடும்பத்தில் 1304ஆம் ஆண்டு பிறந்தார். 1325இல், 21ஆவது வயதில், மக்கா யாத்திரையை நாடித் தனியே புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்பொழுது உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிந்தது அவருக்குப் பெருந்துயராயிற்று. ஆயினும் காலை முன்வைத்தார்.

மக்காவை அடைந்தபின் அவர் ஊர் திரும்பவில்லை. ஒருமுறை சென்ற வழியே இயன்றவரை மறுமுறை செல்வதில்லை என்பதைத் தமக்கொரு விதியாகக் கொண்டார். எகிப்து, சிரியா, ஈராக்கு, பாரசீகம், ஆபிரிக்காவின் கீழைக் கரை, சின்னாசியா, கொன்சுதாந்திநோப்பிள் ஆகியவற்றைக் கண்டு, 1333இற் சிந்து நதிக்கரையை அடைந்தார். அவர் தொழிலின்றித் திரிந்தவருமல்லர். தில்லியில் முகம்மது பின் துக்ளக் அவரை ஆண்டுக்கு 12,000 தினார் வேதனத்தில் நீதிபதியாக அமர்த்தினான். பின்னர், 1341 அளவில், சீனப் பேரரசனிடம் தூது செல்லும் பொறுப்பையும் அளித்தான். கோழிக்கோட்டுத் துறைமுகத்தில் வீசிய புயலிற் கப்பலும் காணிக்கைகளும் அழிந்தன. வெறுங்கையோடு தில்லிக்கு மீள அஞ்சியவர் மாலைதீவை அடைந்து, அங்கும் நீதிபதியாயிருந்தார்.

1344இல் மாலைதீவிலிருந்து தமிழ்நாட்டுக் கரையை நோக்கிப் பாயெடுத்தார். 3 நாளிற் சேரவேண்டிய கப்பல் காற்றால் வழிதவறி, 9ஆம் நாள் இலங்கைக் கரையை அணுகியது. வானில் எழுந்த புகைத்தூண் போல மலையொன்று தூரத்தே தோன்றிற்று. அதுவே சிவனொளிபாதமலை. அக்கரையை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திக்கு அஞ்சிய மாலுமிகள் துறைபுக மறுத்தனர். காற்றோ மேன்மேலும் கடுமையாயிற்று. தம்மை இறக்கிவிட்டால் அபயம் பெற்றுத் தருவதாகக் கூறி அவர் கரையேறினார். மதுரைச் சுல்தானுக்குத் தாம் சகலர் என்பதை எடுத்துரைத்து, சொன்னபடியே மன்னனிடம் அபயமும் பெற்றார்.

மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளக்கூடியவன். பல நாட்டுச் செய்திகளைக் கேட்டு மகிழ்ந்து அவரை உபசரித்தான். ஒருநாள் அவன் முன்னிலையில், முத்துக்குளிப்பிற் கிடைத்த முத்துக்களைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தனர். மன்னன் சிலவற்றைக் கையிலெடுத்து அவருக்கு அளித்து, வேண்டியதைக் கூச்சமின்றிக் கேட்கும்படி பணித்தான். முத்துக் குவியலின் முன் நின்று அவர் கேட்டது ஒன்றே: அம்மலையுச்சியிலுள்ள திருவடிச் சுவட்டைத் தரிசிக்க வழிசெய்ய வேண்டும் என்பதே அது.

அந்த வேளையில் அவர் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வயது 40. செல்லவேண்டிய இடம் வேறு. ஏறிவந்த கப்பல் துறையில் நிற்கிறது. அக்கப்பல் தமக்காகக் காத்திராது போகலாம் என்றும், தம்மைப் பின்னர் மன்னனுடைய கப்பலில் அனுப்பினாற் போதும் என்றும் அவர் கூறிவிட்டார். கப்பற்றலைவனோ ஓராண்டு சென்றாலும் அவர் வராமற் பாயெடுப்பதில்லை என உறுதிபூண்டான். மன்னன் அவனையும் விருந்தினனாக ஏற்றுக்கொண்டான்.

பல்லக்கு ஒன்று, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் 4 பேர், பிராமணர் 3 பேர், துணைவர் 10 பேர், உணவு சுமப்போர் 15 பேர் எனப் பரிவாரம் புறப்பட்டது. இஸ்லாமியராகிய அவருக்கு வழிகாட்டிகள் யோகியர். சைவர் சிவனொளிபாதமென்றும், பௌத்தர் ஸ்ரீபாதமென்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதமென்றும் போற்றும் மலைக்கு அது பொருத்தமான கூட்டமே. சிலாபம் எனக் கருதப்படும் துறை வழியாகச் சென்று, காடும் ஆறும் கடந்தனர். இக்காலத்தில் மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைப் பருவம். அவர் சென்றதோ செப்டெம்பர் அளவில். பருவம் வரட்டும் என அவர் காத்திருக்கவில்லை. அட்டைக்கடிக்கு எலுமிச்சம்பழச் சாறு பிழியும் வழக்கத்தையும், செங்குத்தான பாறையிற் பற்றியேறுவதற்குப் பூட்டியிருந்த 10 இரும்புச் சங்கிலிகளையும் குறித்துள்ளார். 7,359 அடி உயரமுள்ள அம்மலையில் ஏறுகையில், முகில்கள் தமக்குக் கீழே நின்று அடிவாரத்தை மறைத்ததைக் கண்டார். குகையொன்றில் 3 நாள் தங்கி, காலையும் மாலையும் திருவடியைத் தரிசித்தார். மீளும்போது தெவிநுவர, காலி, கொழும்பு ஆகியவற்றையும் பார்த்துப் புத்தளம் சேர்ந்தார். கப்பல் காத்திருந்தது.

இனி அந்த முத்துக்களின் கதை. பின்னொருநாள் மேலைக் கடலில் 12 கப்பல்களில் வந்த கடற்கொள்ளையர் அவரைச் சூழ்ந்தனர். இலங்கை மன்னன் தந்த மணிகளையும் உடைகளையும் பறித்துக்கொண்டு, அரையில் ஒரு காற்சட்டையோடு கரையில் விட்டனர். கள்வர் தீண்டமுடியாது எஞ்சியது மலையேறிய அநுபவம். சீனம்வரை சென்று, பின்னர் மேற்காபிரிக்காவின் மாலிப் பேரரசையும் கண்டு மீண்டபின், 1355இற் பேசு நகரில் இப்னு ஜுஸை என்னும் புலவர் எழுத, அவர் தம் நினைவிலிருந்ததைச் சொல்லி நூலாக்கினார். ஏறத்தாழ 73,000 மைல் அவர் சென்றார் எனக் கணிப்பர். 1368 அல்லது 1369இல் அவர் மறைந்தார்.

இவ்வாழ்வில் ஒரு துயரமும் உண்டு. தந்தையார் 15 ஆண்டுகளுக்கு முன்னரே காலமான செய்தியை 1348இல் தமாஸ்கஸ் நகரிற்றான் கேட்டார். 1349இல் தாய்நாட்டை அணுகியபோது, தாயார் கொள்ளைநோயால் இறந்த செய்தி வழியிலே கிடைத்தது. தாஞ்சியர் சென்று அவர் கண்டது தாயாரின் அடக்கத்தலத்தையே. மலையைத் தள்ளிப்போடாதவர் வீட்டைத் தள்ளிப்போட்டுவிட்டார்.

பரீட்சை முடியட்டும், உத்தியோகம் கிடைக்கட்டும், பிள்ளைகள் கரையேறட்டும், ஓய்வூதியம் வரட்டும் என்று நாமும் நாட்களைத் தள்ளுகிறோம். ஓய்வூதியம் வரும்வேளை முழங்கால் மலையேற மறுக்கின்றது. புத்தளத்திற் பிறந்து கற்பிட்டிக் கோட்டையை உள்ளே சென்று பாராதவரும், களப்பிற் படகேறாதவரும், வில்பத்துக் காட்டை எல்லையில் நின்று மட்டும் கண்டவரும் நம்மிடையே உளர். இவற்றுக்கு மன்னனின் பல்லக்கு வேண்டியதில்லை. ஒரு விடுமுறை நாள் போதும். மாணவர் ஆசிரியரோடு செல்லலாம். பழைய மாணவர் தம் மக்களோடு செல்லலாம். தாயும் தந்தையும் நடக்க வல்லவராயிருக்கும்போதே அவர்களையும் உடனழைத்துச் செல்லலாம். நம் கரையில் இறங்கிய அந்த யாத்திரிகர் பெற்றதும் இழந்ததும் ஒருங்கே புகட்டும் பாடம் இதுவே.