கேட்கச் சென்ற பிரபு

சென்னைக் கடற்கரைச் சாலையில், கூவம் ஆறு கடலைத் தொடும் இடத்திற்கு அருகே, வில்வளைவுகளையுடைய பாலம் ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டு சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பும் வெள்ளையுமாக வண்ணம் தீட்டப்பட்ட பாலம் அதுவே. அதன் பெயர் நேப்பியர் பாலம். திருவனந்தபுரத்தில் உள்ள பழைய அருங்காட்சியகமும் நேப்பியர் அருங்காட்சியகம் என்றே வழங்கப்படுகிறது. இவ்விரண்டிற்கும் பெயர் தந்தவர், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த பிரான்சிஸ் நேப்பியர் பிரபு ஆவார்.

வரலாற்று நூல்களில் நேப்பியர் என்னும் பெயர் பலமுறை வருவதுண்டு. சிந்து நாட்டைக் கைப்பற்றிய சார்லஸ் நேப்பியர் வேறொருவர். இந்தியப் படைத்தலைவராக இருந்த ராபர்ட் நேப்பியரும் வேறொருவர். ஆயினும் மாணவர் நன்கறிந்த மற்றொரு நேப்பியர் இவருக்கு உறவினரே. 1614இல் மடக்கையைக் கண்டறிந்து வெளியிட்ட கணித அறிஞர் ஜான் நேப்பியர், இவருடைய முன்னோர்.

பிரான்சிஸ் நேப்பியர் 1819ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பிறந்தார். அந்நாட்டின் தென்பகுதியில், எட்ரிக் என்னும் மலைப்பாங்கான பகுதியில் அவருடைய குடும்பத்திற்கு நிலங்கள் இருந்தன. தந்தை வில்லியம் ஜான் நேப்பியர் கடற்படை வீரர். இளமையில் டிரபால்கர் கடற்போரில் பங்கு கொண்டவர். போர் ஓய்ந்து ஊர் திரும்பியபின் அவர் ஆடு வளர்ப்பில் ஈடுபட்டார். மலைநிலத்தில் செம்மறியாடுகளை வளர்க்கும் முறை பற்றி 1822இல் ஒரு நூலும் எழுதினார். இந்தச் செம்மறியாடுகளை நினைவில் வைத்துக்கொள்க. மகனுடைய வாழ்வின் பிற்பகுதியில் அவை மீண்டும் வரும்.

1834இல் ஆங்கிலேய அரசு வில்லியம் நேப்பியரைச் சீனாவிற்கு வணிகக் கண்காணிப்பாளராக அனுப்பியது. அக்காலத்தில் அயல்நாட்டார் சீன அதிகாரிகளுக்கு நேரே கடிதம் கொடுத்தல் இயலாது. குறிப்பிட்ட வணிகர் வழியாக வேண்டுகோளாகவே கொடுத்தல் வேண்டும். அதுவே அந்நாட்டு முறை. வில்லியம் அம்முறைக்கு உடன்படவில்லை. முன்னறிவிப்பின்றிக் கான்டன் நகருக்குச் சென்று, தம் கடிதத்தை நேரே ஏற்க வேண்டுமென வற்புறுத்தினார். கடிதம் ஏற்கப்படவில்லை. வணிகம் நிறுத்தப்பட்டது, போர்க்கப்பல்களின் பீரங்கிகள் முழங்கின. இதற்கிடையில் அவரைக் காய்ச்சல் பற்றியது. மக்காவுக்குத் திரும்பிய அவர் அக்டோபர் 11ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். பதினைந்தே வயது நிரம்பிய பிரான்சிஸ், பத்தாம் நேப்பியர் பிரபு ஆனார்.

பட்டம் வந்ததேயன்றிப் பெருஞ்செல்வம் வரவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர் பட்டம் பெறாமலே வெளியேறினார். ஆனால் ஜெனீவாவில் தங்கி ஐரோப்பிய மொழிகளை ஆர்வத்தோடு கற்றார். அம்மொழியறிவே பின்னாளில் அவருக்குச் சோறிட்டது எனலாம். 1840இல் தூதுப்பணியில் சேர்ந்து வியன்னா, தெஹ்ரான், கான்ஸ்டாண்டிநோபிள் ஆகிய நகரங்களில் இளநிலை அலுவலராகப் பணியாற்றினார். பின்னர் நேப்பிள்ஸ் நகரில் இருந்தபோது சிசிலித் தீவினர் தம் மன்னரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அந்த நெருக்கடியான 1848, 1849ஆம் ஆண்டுகளில் தூதரகப் பொறுப்பு முழுவதும் அவர் தோள்மீது விழுந்தது. அவ்வூரின் ஓவியக் கலையிலும் அவர் மனம் தோய்ந்தது. நேப்பிள்ஸின் அக்கால ஓவியங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1855இல் வெளிவந்தது.

கிரிமியப் போர்க்காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிளில் மீண்டும் பணியாற்றியபோது, காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டு செய்ய வந்திருந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அவர் அறிந்தார். அந்நட்பு நீண்டகாலம் நிலைத்தது. அதன்பின் அமெரிக்கா, நெதர்லாந்து, ரஷ்யா, பிரஷ்யா என நான்கு நாடுகளில் அவர் தம் அரசின் தலைமைத் தூதராக விளங்கினார். வாஷிங்டன் நகரத்தார் அவரிடம் கொண்ட அன்பு பெரிது. 1859இல் அவர் விடைபெற்றபோது பெரியதொரு விருந்து நடத்தியே அனுப்பி வைத்தனர். ஆனால் லண்டனில் இருந்தவர்களோ, அவர் அமெரிக்கருக்கு அளவுக்கு மீறி விட்டுக்கொடுக்கிறார் என்று குறை கண்டனர். தந்தை வளைந்து கொடுக்காமையால் இடர்ப்பட்டார். மகன்மீதோ வளைந்து கொடுத்தார் என்னும் பழி வந்தது.

1866 மார்ச்சுத் திங்களில் நேப்பியர் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றார். அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிட மிகப் பெரியது. வடக்கே, இன்று ஒடிசாவில் உள்ள கஞ்சம் மாவட்டம் வரை அது பரந்திருந்தது. அவர் வந்த வேளையில் கஞ்சத்திலும், அதனை அடுத்து வங்காள ஆட்சியின்கீழ் இருந்த ஒரிசாவிலும் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஒரிசாவில் மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மாண்டனர். கல்கத்தாவின் அதிகாரிகள் தாள்களில் வந்த செய்தியை நம்பிக் காலம் தாழ்த்தியதே அப்பேரழிவிற்கு ஒரு காரணம் எனப் பின்னர்க் கண்டறியப்பட்டது. புதிய ஆளுநராகிய நேப்பியர் கோட்டையில் அமர்ந்து அறிக்கைக்குக் காத்திராமல் கஞ்சத்திற்கு நேரிற்சென்று பஞ்சம் பாதித்த ஊர்களைப் பார்வையிட்டார். அவர் ஆட்சியில் கோதாவரி, கிருஷ்ணா ஆற்றுப் பாசனப் பணிகள் விரிவாக்கப்பட்டன. மக்கள் நலவாழ்வு, பாசனம் ஆகியன குறித்து நைட்டிங்கேல் அம்மையாரோடு கடிதப் போக்குவரத்தும் நடந்தது.

இவ்வளவும் உண்மை. எனினும் அவர் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் அல்லர் என்பதையும் மறத்தல் ஆகாது. கடல் கடந்த ஓர் அரசு அனுப்பிய ஆட்சியாளர் அவர். வரி கட்டிய உழவர்க்கு அவரைக் கேள்வி கேட்கும் உரிமை இருந்ததில்லை.

கலையில் அவருக்கிருந்த நாட்டம் தமிழகத்தில் ஒரு நற்செயலாக மலர்ந்தது. மதுரையில் 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் அரண்மனையின் பெரும்பகுதி முன்பே இடிக்கப்பட்டிருந்தது. எஞ்சியிருந்த தூண்களும் மண்டபமும் சிதைந்து கிடந்தன. அவற்றைப் பழுதுபார்க்க நேப்பியர் ஆணையிட்டார். ராபர்ட் சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் அப்பணியை மேற்கொண்டார். இந்தியாவில் எழும் கட்டடங்கள் இந்தியக் கட்டடக்கலையைத் தழுவி அமைதல் வேண்டும் என்பது நேப்பியரின் கருத்து. 1870இல் சென்னையில் அவர் ஆற்றிய உரை ஒன்றில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். சேப்பாக்கம் அரண்மனையை ஒட்டி எழுந்த வருவாய் வாரியக் கட்டடம், திருவனந்தபுரத்தில் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகம் ஆகியன சிஷோம் அவ்வழியில் அமைத்தவையே.

1872 பிப்ரவரி 8ஆம் நாள், இந்தியத் தலைமை ஆளுநர் மேயோ பிரபு அந்தமானில் கொலையுண்டார். புதியவர் வந்து சேரும்வரை நேப்பியர் கல்கத்தா சென்று அப்பொறுப்பை வகித்தார். மே மாதத் தொடக்கத்தில் நார்த்புருக் பிரபு பதவியேற்றதும் நேப்பியர் தாயகம் திரும்பினார். அவரை ஒத்த பலருக்கு வாழ்க்கைக் கதை இவ்விடத்தில் முடிந்துவிடும். எஞ்சுவது ஓய்வூதியமும் ஓர் உருவப்படமும் மட்டுமே. நேப்பியரின் வாழ்வில் மிகப் பெரிய பணி இதன்பின் பதினோர் ஆண்டுகள் கழித்தே வந்தது.

ஸ்காட்லாந்தின் வடக்கே மலைகளிலும் தீவுகளிலும் கேலிக் மொழி பேசும் எளிய மக்கள் வாழ்ந்தனர். சிறு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு, ஊர்ப் பொதுநிலத்தில் கால்நடை மேய்த்து, மீன்பிடித்துப் பிழைத்த இவர்களைக் கிராஃப்டர் என்பர். நிலமோ பெருநிலக்கிழாருக்கு உரியது. செம்மறியாட்டு மந்தைகளால் வருவாய் மிகுதி என்று கண்ட நிலக்கிழார் பலர், ஆடுகளுக்கு இடம் வேண்டிக் குடிகளை வெளியேற்றினர். தலைமுறை தலைமுறையாகத் தாம் கட்டிய வீடும் திருத்திய நிலமும் இழந்து பல்லாயிரவர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினர். 1882இல் ஸ்கை தீவில் உள்ள பிரேஸ் என்னும் ஊரார், தம் மேய்ச்சல் மலையைத் திரும்பக் கேட்டுக் காவலர்களோடு கைகலந்தனர். அதன் எதிரொலி லண்டன் வரை கேட்டது. கிராஃப்டர்களின் நிலையை ஆராய அறுவர் கொண்ட அரச ஆணையம் 1883இல் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் நேப்பியர்.

அவரும் நிலக்கிழார், அதிலும் செம்மறியாட்டு நூல் எழுதியவரின் மகன். உறுப்பினருள்ளும் நிலக்கிழாரே மிகுதி. ஆகவே இவர்களால் நமக்கு என்ன விளையும் என்று மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. நேப்பியருக்குப் பல மொழிகள் தெரியும், கேலிக் தெரியாது. ஆயினும் எடின்பரோவின் கேலிக் மொழிப் பேராசிரியர் மக்கின்னன், ஸ்கை தீவிலேயே பிறந்த அலெக்சாந்தர் நிக்கல்சன் ஆகியோர் குழுவில் இடம்பெற்றனர். அத்தீவின் உயர்ந்த சிகரம் இன்றும் நிக்கல்சன் பெயரையே தாங்கி நிற்கிறது. மொழிபெயர்ப்பாளரை உடன்வைத்து மக்களை அவர்தம் தாய்மொழியிலேயே பேசவிட்டனர்.

1883 மே 8ஆம் நாள் பிரேஸ் ஊர்த் தேவாலயத்தில் முதல் அமர்வு கூடியது. முதலாவதாக அழைக்கப்பட்டவர் ஆங்கஸ் ஸ்டூவர்ட் என்னும் கிராஃப்டர். குறைகளைக் கூறுமாறு கேட்டபோது அவர் உடனே கூறவில்லை. உண்மையைச் சொன்னதற்காகத் தம்மை நிலத்தைவிட்டு வெளியேற்ற மாட்டார்கள் என்ற உறுதி முதலில் வேண்டும் என்றார். முன்பு அவ்வாறு நிகழ்ந்ததைத் தாம் கண்டிருப்பதாகவும் தெரிவித்தார். அவையில் நிலக்கிழாரின் முகவரும் அமர்ந்திருந்தார். அவ்வுறுதியைத் தருதல் ஆணையத்தின் அதிகாரத்தில் இல்லை என்பதை நேப்பியர் ஒளியாமல் ஒப்புக்கொண்டார். பின்னர் முகவரே வாக்குறுதி தர நேர்ந்தது. அதன்பின்னரே ஸ்டூவர்ட் வாய் திறந்தார். பேசுவதற்கே அஞ்சும் நிலையில் அம்மக்கள் இருந்தனர் என்னும் செய்தி, அவர் ஒரு குறையும் கூறுவதற்கு முன்பே அவையோருக்கு விளங்கிவிட்டது.

அறுபத்து மூன்று வயதுடைய நேப்பியர் தொடர்ந்து தீவு தீவாகச் சென்றார். சூன் மாதத்தில், அவர்களை ஏற்றிச் சென்ற லைவ்லி என்னும் அரசுக் கப்பல் ஸ்டார்னோவே துறைமுகத்திற்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. எல்லோரும் உயிர் பிழைத்தனர்; விசாரணையும் நிற்கவில்லை. மொத்தம் 61 இடங்களில் 775 பேர் சாட்சியம் அளித்தனர். 46,750 வினாக்கள் கேட்கப்பட்டன. ஏழைக் குடியானவர், மீனவர், ஆசிரியர், குருமார், முகவர், நிலக்கிழார் என எல்லோர் கூற்றும் எழுதப்பட்டது.

1884இல் அறிக்கை வெளிவந்தது. கிராஃப்டர் வாழும் ஊரை ஓர் அமைப்பாகச் சட்டம் ஏற்க வேண்டும், பொது மேய்ச்சல் நிலத்தில் அவ்வூருக்கு உரிமை வேண்டும் என்பது நேப்பியரின் முதன்மையான பரிந்துரை. இந்தியச் சிற்றூர்களைக் கண்ட பழக்கம் இக்கருத்துக்குத் துணைசெய்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். ஆர்கைல் கோமகன் இதனைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். நேப்பியரும் மறுமொழி எழுதினார். ஆனால் அறிக்கையில் ஒரு பெருங்குறை இருந்தது. ஆண்டுக்கு ஆறு பவுனுக்குக் குறைவாக வாடகை செலுத்தும் மிக எளியோர்க்கு அது நிலவுறுதி அளிக்கவில்லை. அவர்களுட் பலர் வேறு தொழிலையோ வேறு நாட்டையோ நாடுதல் நன்று என அவர் எண்ணினார். பேசத் துணிந்தவர்களுள் அவ்வெளியோரும் இருந்தனர்!

அந்த ஆண்டே வந்த தேர்தல் சீர்திருத்தம் கிராஃப்டர் பலருக்கு வாக்குரிமை தந்தது. அவர்கள் தம் சார்பானவர்களை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். 1886இல் இயற்றப்பட்ட கிராஃப்டர் சட்டம், நேப்பியரின் ஊரமைப்புத் திட்டத்தைக் கைவிட்டது. அவர் விட்டுவிட்ட எளியோரையோ சேர்த்துக்கொண்டது. வாடகை செலுத்தும்வரை எவரையும் வெளியேற்றல் ஆகாது, நியாயமான வாடகையே பெறல் வேண்டும், நிலவுரிமை பிள்ளைகளுக்குச் சேரும் என்று அது வகுத்தது. பல இடங்களில் வாடகை குறைக்கப்பட்டது. பழைய நிலுவைகளும் தள்ளுபடி செய்யப்பட்டன.

நேப்பியர் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் காலமானார். அவர் திரட்டிய சாட்சியங்கள் பல தொகுதிகளாக அச்சாகி இன்றும் கிடைக்கின்றன. கேலிக்கில் பேசப்பட்டவை அவற்றில் ஆங்கிலமாகவே நிற்கின்றன. ஆயினும் ஒவ்வொரு சாட்சிக்கும் பெயரும் ஊரும் வயதும் தொழிலும் குறிக்கப்பட்டுள்ளன. கப்பலேறிச் சென்றோரின் கொள்ளுப்பேரர்கள், தம் முன்னோரின் ஊரைத் தேடி இன்றும் அப்பக்கங்களைப் புரட்டுகின்றனர்.