எழுதுகோலும் தூரிகையும்

கணவன் மாண்டான், பிள்ளைகள் மூவர், வயதோ 25! பிரெஞ்சு மன்னன் ஐந்தாம் சார்லசுக்குச் சோதிடம் சொன்னவரின் மகள் கிறிஸ்டீன் தெ பிசான் நிலை இது. (மகளின் கைம்மையை அந்தச் சோதிடம் சொல்லவில்லை போலும்!)

1364இல் வெனிசில் பிறந்து பாரிசில் வளர்ந்த அம்மையார், எழுதியே குடும்பத்தைக் காத்தார். அச்சு இல்லாக் காலம். ஏடுகளைக் கையால் எழுதி, ஓவியம் தீட்டிப் பிரபுக்களுக்கு அளிக்கவேண்டும். தீட்டியவர் பெயரை எவர் கேட்டார்?

பெண்ணினத்தைப் பழித்த புலவர்களுக்கு விடையாக, 1405இல் ‘பெண்களின் நகரம்’ தந்தார் கிறிஸ்டீன். அதில், தம் ஏடுகளுக்கு அழகூட்டிய அனஸ்தாசியா என்ற பெண்ணை, ஓரச்சித்திரம் தீட்டுவதில் பாரிசிலேயே நிகரற்றவர் எனப் பெயர் சொல்லிப் போற்றினார். அனஸ்தாசியா தீட்டியது இதுதான் என்று உறுதியாகக் காட்ட இன்று ஓர் ஏடும் இல்லை. தோழி எழுதிய பெயர் மட்டும், 600 ஆண்டு கடந்தும் இருக்கிறது.